சவுலின் காய்மகாரமும் சாலொமோனின் பட்டமும்

வேதாகமத்தைப் பற்றி இரண்டு கேள்விகள். தன் சேவகன் தாவீதின்மேல் இஸ்ரவேலின் முதல் ராஜா சவுலுக்கு இருந்தது வெறும் பொறாமையா, அல்லது புத்தி பேதலிப்பா? தாவீதின் மகன்களில் மூத்தவன் அதோனியா உயிரோடு இருக்கும்போது இளையவன் சாலொமோன் எப்படி ராஜாவானான், இஸ்ரவேலில் மூத்த மகனுக்கே பட்டம் என்ற சட்டம் இல்லையா?

இரண்டாவதை முதலில் தொட்டால் முதலாவது தானாக விளங்கும். சொத்துக்குச் சட்டம் இருந்தது. உபாகமம் 21ஆம் அதிகாரத்தின்படி மூத்த மகனுக்கு இரட்டைப் பங்கு. அவன் பிடிக்காத மனைவியின் பிள்ளையாக இருந்தாலும் அதைப் பிடித்த மனைவியின் பிள்ளைக்கு மாற்றித் தரக்கூடாது. சிங்காசனத்துக்கு அப்படி ஒன்றும் கிடையாது. ராஜாவைப் பற்றிய உபாகமம் 17, அவனும் அவன் குமாரரும் நீடித்து ஆளலாம் என்கிறது. எந்தக் குமாரன் என்று சொல்லவில்லை. அதற்கு முன்பே நியாயாதிபதிகள் காலத்தில் ஒரு வெள்ளோட்டம் நடந்திருந்தது. 'நீரும் உம் மகனும் எங்களை ஆளும்' என்று ஜனங்கள் கேட்டபோது கிதியோன் மறுத்தான். அவன் செத்ததும் அவன் மகன் அபிமெலேக்கு, தன் சகோதரர் எழுபதுபேரை ஒரே கல்லின்மேல் வெட்டினான். தப்பியவன் கடைசித் தம்பி யோதாம் ஒருவன்தான். விதி இல்லாத இடத்தில் எண்ணிக்கையைக் குறைப்பதுதான் வாரிசுத் திட்டம்.

விதி இல்லாததால் ஒருவன் ராஜாவாக நாலைந்து காரியங்கள் கூடிவர வேண்டியிருந்தது: தீர்க்கதரிசியின் அல்லது ஆசாரியனின் தைலம், ஜனங்களின் ஆரவாரம், ஒரு போர் வெற்றி, படைத்தலைவனின் கை, பிற்பாடு முந்தைய ராஜாவின் வாய்ச்சொல். சவுலுக்கு இது மூன்று தவணையாக வந்தது. தீர்க்கதரிசி சாமுவேல் தனிமையில் தைலம் ஊற்றினான். மிஸ்பாவில் சீட்டு விழுந்தது. 'இவனா நம்மை ரட்சிப்பான்' என்று சிலர் அங்கேயே முகம் சுளித்தார்கள். யாபேசை அம்மோனியரிடமிருந்து மீட்ட பிறகுதான் கில்காலில் எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். தவணையில் வந்த பதவி தவணையில் போகவும் கூடும் என்பதை அவன் மறந்திருக்க மாட்டான். கில்காலில் ஏழு நாள் காத்திருந்தும் சாமுவேல் வராததால் சவுல் தானே பலியிட்டபோது, ராஜ்யபாரம் நிலைநிற்காது, வேறொருவன் தேடப்பட்டாயிற்று என்று கேட்டாயிற்று. அமலேக்கியரை முழுதும் அழிக்கச் சொன்ன கட்டளையை மீறியபோது அது இரண்டாம் முறையாக உறுதியானது. பெயர் மட்டும் சொல்லப்படவில்லை. அதுதான் சித்திரவதை. சுற்றியுள்ளவர்களில் யாரோ ஒருவன்; யார் என்று தெரியாது.

அப்படிப்பட்டவன் காதில்தான், போரிலிருந்து திரும்புகையில் பெண்கள் பாடிய அந்தப் பாட்டு விழுகிறது: 'சவுல் கொன்றது ஆயிரம், தாவீது கொன்றது பதினாயிரம்.' எபிரெயப் பாட்டில் ஆயிரம்–பதினாயிரம் என்பது வழக்கமான இணை. 'உன் பக்கத்தில் ஆயிரம்பேரும், உன் வலதுபுறத்தில் பதினாயிரம்பேரும்' என்று 91ஆம் சங்கீதத்திலும் அதே இணைதான் வருகிறது. அங்கே யாரும் கூட்டிக் கழிப்பதில்லை. பெண்கள் இருவரையும் சேர்த்தே புகழ்ந்திருக்கலாம். சவுல் பாட்டைக் கணக்காகக் கேட்டான். அடுத்து அவன் சொன்னதைப் பாருங்கள்: இன்னும் ராஜாங்கம் மாத்திரம்தான் இவனுக்குக் குறைவு. புகழ் போனதற்காக அல்ல, வாரிசு யார் என்பதற்காகவே அவன் எரிந்தான். 'அந்நாள்முதற்கொண்டு காய்மகாரமாய்ப் பார்த்தான்' என்று பழைய தமிழ் மொழிபெயர்ப்பு சொல்வது வெறும் எரிச்சலை அல்ல; கண் வைத்துக் கவனிப்பதை. எபிரெய மூலத்திலும் அந்த வினை 'கண்' என்ற சொல்லிலிருந்து பிறந்ததுதான்.

பொல்லாத ஆவி அலைக்கழித்தது என்று வசனம் சொல்வது உண்மை. ஆனால் தாவீதின்மேல் ஈட்டி எறிந்தது தவிர சவுல் செய்த மற்றவை எல்லாம் நிதானமான அரசியல். பைத்தியக்காரன் இப்படித் திட்டம் போடுவதில்லை. அவை ஒவ்வொன்றும் தலைகீழாகத் திரும்பியதுதான் வேடிக்கை.

அரண்மனையில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று தாவீதை ஆயிரம்பேருக்குத் தலைவனாக்கி வெளியே அனுப்பினான். ஜனங்களின் கண்முன்னே போகவும் வரவும் இருந்ததால் அவன் செல்வாக்கு கூடியது. மூத்த மகள் மேராபைத் தருவதாகச் சொல்லி, வேளை வந்தபோது ஆதரியேலுக்குக் கொடுத்தான். இளையவள் மீகாள் தாவீதை நேசிக்கிறாள் என்று தெரிந்ததும் பரிசமாகப் பணம் வேண்டாம், 100 பெலிஸ்தரின் நுனித்தோல் போதும் என்றான்; பெலிஸ்தர் கையாலே சாகட்டும் என்பது கணக்கு. தாவீது 200 கொண்டுவந்தான். இப்போது எதிரி ராஜாவின் மருமகன். பெண் வழியாக ஓர் உரிமையைச் சவுல் தானே தாரைவார்த்தான். பிறகு நோப் ஊர் ஆசாரியர் 85 பேரை, தாவீதுக்கு அப்பம் கொடுத்த குற்றத்துக்காக, ஏதோமியனாகிய தோவேக்கை வைத்து வெட்டினான். தப்பிய ஒரே ஆள் அபியத்தார் ஆசாரிய அங்கியான ஏபோத்தை எடுத்துக்கொண்டு தாவீதிடம் ஓடினான். தேவனிடம் விசாரிக்கும் வழியும் கை மாறியது. கடைசியில் தாவீதின் மனைவியான மீகாளையே பல்த்திக்குக் கட்டிக்கொடுத்தான். கோபத்தில் செய்த காரியம்போல இருக்கிறது. உண்மையில் மருமகன் உரிமையை வெட்டும் நடவடிக்கை. தாவீதுக்கும் அது புரிந்திருந்தது. பல ஆண்டு கழித்து சவுலின் படைத்தலைவன் அப்னேர் சமாதானம் பேச ஆள் அனுப்பியபோது தாவீது வைத்த முதல் நிபந்தனை, மீகாளைக் கூட்டி வா என்பதே. பல்த்தி அழுதுகொண்டே பகூரிம்வரை பின்னால் நடந்தான். அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

சவுலின் மனதைத் திறந்து காட்டும் இடம் 1 சாமுவேல் 20. தன் மகன் யோனத்தானைப் பார்த்து அவன் கத்துகிறான்: ஈசாயின் மகன் (தாவீது) உயிரோடு இருக்கும்வரை நீயும் நிலைக்க மாட்டாய், உன் ராஜ்யமும் நிலைக்காது. 'உன்' ராஜ்யம். கவலை மகனுடைய பட்டத்தைப் பற்றியது. கத்திவிட்டு அந்த மகன்மேலேயே ஈட்டி எறிகிறான்! யோனத்தானோ அதற்கு முன்பே விட்டுக்கொடுத்தாயிற்று. தான் போர்த்தியிருந்த சால்வையைக் கழற்றித் தாவீதுக்குக் கொடுத்திருந்தான். வாளும் வில்லும் கச்சையும் கூடவே. பின்னால், நீர் ராஜா, நான் உமக்கு இரண்டாவது என்று வாயாலும் சொன்னான். சால்வை இந்தக் கதையில் மூன்று முக்கிய இடத்தில் வருகிறது. எபிரெயத்தில் மூன்றுக்கும் 'மெயீல்' என்ற ஒரே சொல். சாமுவேலின் சால்வைத் தொங்கல் சவுலின் கையில் கிழிந்தபோது, ராஜ்யம் இப்படிக் கிழிந்தது என்று தீர்க்கதரிசி சொன்னான். என்கேதிக் குகையில் தாவீது சவுலின் சால்வைத் தொங்கலை அறுத்துவிட்டு மனம் அடித்துக்கொண்டது துணிக்காக அல்ல. குகைக்கு வெளியே சவுல் கேட்ட சத்தியமும் அதற்குப் பொருத்தம்: நீ ராஜாவாவாய் என்று தெரியும், என் சந்ததியை வேரறுக்க மாட்டேன் என்று ஆணையிடு.

கில்போவா மலையில் சவுலும் மூன்று மகன்களும் மடிந்தபின், அப்னேர் மிச்சமிருந்த மகன் இஸ்போசேத்தை மக்னாயீமில் ராஜாவாக்கினான். அதிகாரம் யாரிடம் என்பதில் சந்தேகமில்லை. ஒருநாள் இஸ்போசேத் கேட்டான்: என் தகப்பனுடைய மறுமனையாட்டி (இரண்டாந்தர மனைவி) ரிஸ்பாளிடம் நீ ஏன் போனாய்? இதை ஒழுக்கப் பிரச்சினையாகப் படித்தால் அப்னேரின் வெடிப்பு புரியாது. முந்தைய ராஜாவின் பெண்கள் அடுத்த ராஜாவுக்கு உரியவர்கள். அவர்களில் ஒருத்தியைத் தொடுவது சிங்காசனத்தைத் தொடுவது. 'நீ ராஜாவாகப் பார்க்கிறாயா' என்பதுதான் கேள்வி. அப்னேர், நான் என்ன நாய்த்தலையா என்று சீறி, ராஜ்யத்தைத் தாவீதிடம் திருப்பப் போய்விட்டான். எப்ரோன் வாசலில் தாவீதின் படைத்தலைவன் யோவாப் அவனைக் குத்திக் கொன்றது, அப்னேர் கொன்ற தம்பி ஆசகேலின் பழிக்காக என்று வசனம் சொல்கிறது. அப்னேர் உயிரோடு வந்திருந்தால் யோவாபின் சேனாபதி பதவி என்னவாகியிருக்கும் என்பதையும் கூட்டிக்கொள்ளலாம்.

இந்தச் சாவி கையில் இருந்தால் இன்னும் இரண்டு பூட்டு திறக்கும். தாவீதின் மகன் அப்சலோம் கலகம் செய்து எருசலேமைப் பிடித்ததும் ஆலோசகன் அகித்தோப்பேல் தந்த முதல் யோசனை, தாவீது விட்டுப்போன பத்து மறுமனையாட்டிகளிடம் எல்லார் கண்முன்னும் மாடியில் பிரவேசி என்பது. இனிச் சமாதானத்துக்கு வழியில்லை என்று ஊர் அறிந்தால்தான் பின்னால் வருகிறவர்களுக்குத் துணிவு வரும். இன்னொன்று அபிஷாக்; அதற்குப் பிறகு வருகிறேன்.

தாவீது எப்ரோனில் ஏழரை ஆண்டு, எருசலேமில் 33 ஆண்டு ஆண்டான். எப்ரோனில் மட்டும் ஆறு மனைவியரிடம் ஆறு மகன்கள்: அம்னோன், கீலேயாப், அப்சலோம், அதோனியா, செப்பத்தியா, இத்ரேயாம். ஒவ்வொருவனுக்கும் வேறு தாய், அதனால் வேறு தாய்வீடு. அப்சலோமின் தாய் கேசூர் ராஜாவின் மகள். அம்னோனைக் கொன்றுவிட்டு அவன் மூன்று ஆண்டு ஒளிந்திருந்தது அந்தத் தாத்தாவின் வீட்டில்தான். அப்சலோமின் தங்கை தாமாருக்கு அம்னோன் செய்த கொடுமைக்குப் பழி என்பது உண்மைதான். ஆனால் இரண்டு ஆண்டு பொறுத்து, ஆட்டு மயிர் கத்தரிக்கும் விருந்தில் அவன் கொன்றது தன் முன்னே வரிசையில் நின்ற மூத்தவனை. இரண்டாவது மகன் கீலேயாபின் பேச்சே அதன்பின் இல்லை. தாவீது அம்னோனையும் தண்டிக்கவில்லை, அப்சலோமை மன்னிக்கவும் இல்லை. எருசலேமுக்கு வரவழைத்து, இரண்டு ஆண்டு முகம் கொடுக்காமல் வைத்திருந்தான். இரண்டுங்கெட்டானாக வைத்த அந்த இரண்டு ஆண்டுதான் கலகத்தின் நாற்றங்கால் என்பேன். அதன்பின் அப்சலோம் ரதமும் குதிரைகளும் முன்னே ஓட ஐம்பது சேவகரும் வைத்துக்கொண்டான். வாசலில் வழக்கோடு வந்தவர்களிடம், உன் நியாயத்தைக் கேட்க ராஜா ஆள் வைக்கவில்லையே என்றான். இப்படி எத்தனை காலம்? நம் கையில் உள்ள எபிரெயப் பாடம் 40 ஆண்டு என்கிறது. அது தாவீதின் மொத்த ஆட்சிக் காலம். எழுதினவர் கைப்பிழையாகத்தான் இருக்க வேண்டும். சீரிய மொழிபெயர்ப்பு 4 என்று வைத்திருக்கிறது, அதுதான் பொருந்துகிறது. அவன் எக்காளம் ஊதியது எப்ரோனில்: தகப்பன் முதலில் பட்டமேறிய ஊர், தான் பிறந்த ஊர், தலைநகரம் எருசலேமுக்குப் போனதில் மனத்தாங்கல் இருந்திருக்கக்கூடிய ஊர்.

இனி அதோனியா. அம்னோனும் அப்சலோமும் போனபின் இருப்பவர்களில் மூத்தவன் அவனே. அவனும் அதே ரதம், குதிரைவீரர், ஐம்பது சேவகர் என்று அண்ணனின் பாதையில் போனான். ஏன் இப்படிச் செய்கிறாய் என்று தகப்பன் ஒருநாளும் கடிந்துகொண்டதில்லை என்கிறது 1 ராஜாக்கள் 1. அவன் பக்கம் யோவாபும் அபியத்தாரும், அதாவது தாவீது காட்டில் அலைந்த நாள் முதலான பழைய ஆட்கள். எதிர்ப்பக்கம் தீர்க்கதரிசி நாத்தான், ஆசாரியன் சாதோக், மெய்க்காவல் தலைவன் பெனாயா. சாமுவேல் புத்தகங்களில் இவர்கள் எருசலேம் பிடிபட்டதற்குப் பிறகே தலைகாட்டுகிறார்கள். பழைய எப்ரோன் கட்சிக்கும் புதிய எருசலேம் கட்சிக்கும் நடந்த மோதல் என்று இதைப் படிப்பது தவறாகாது.

அதோனியா என்ரொகேல் ஊற்றருகே விருந்து வைத்தான். தம்பிகள் எல்லாரையும் அழைத்தான்; சாலொமோனை மட்டும் விட்டான். அழைக்காததன் பொருள் எல்லாருக்கும் தெரியும். ஒரே இலையில் சாப்பிட்டவனைக் கொல்லக்கூடாது, ஆகவே கொல்லப்போகிறவனை அழைக்கவில்லை. சாலொமோனின் தாய் பத்சேபாள் ராஜாவிடம் சொன்னதும் அதுவே: நீர் கண்மூடினால் நானும் என் மகனும் குற்றவாளிகளாய் எண்ணப்படுவோம். அதற்கு முன் அவள் சொன்ன வாக்கியம் உங்கள் கேள்விக்கு நேர்விடை. உமக்குப் பின் உட்காருகிறவன் யார் என்று நீர் அறிவிக்கும்படி இஸ்ரவேல் எல்லாரின் கண்களும் உம்மை நோக்குகின்றன. மூத்தவனுக்குத்தான் என்று இருந்தால் யாரும் யாரையும் நோக்க வேண்டியதில்லை.

சாலொமோனுக்கே ராஜ்யம் என்று தாவீது ஆணையிட்டதாக அவள் நினைவூட்டுகிறாள். அந்த ஆணை 2 சாமுவேலில் எங்கும் பதிவாகவில்லை. நாத்தான்தான் அவளுக்கு வார்த்தைகளைச் சொல்லிக்கொடுத்து, நீ பேசிக்கொண்டிருக்கையில் நான் உள்ளே வந்து உறுதிப்படுத்துவேன் என்று நேரம் குறித்தான். கிழவனை ஏமாற்றினார்கள் என்று சிலர் முடிவுகட்டுகிறார்கள். தனியறையில் சொன்ன வாக்கு ஏட்டில் ஏறாமல் போவதும் சகஜம். வசனம் இதைத் திறந்தே விட்டிருக்கிறது. நாளாகமம் மட்டும் படிக்கிறவர்களுக்கு இந்தச் சிக்கலே தெரியாது. அதில் அப்சலோமின் கலகமும் இல்லை, அதோனியாவின் விருந்தும் இல்லை. சாலொமோன் பிறக்குமுன்னே குறிக்கப்பட்டவன், ராஜகுமாரர் எல்லாரும் அவனுக்கு அடங்கினார்கள், அவ்வளவுதான்.

சாலொமோனுக்குப் பட்டம் கட்டத் தாவீது கொடுத்த கட்டளையில் ஒவ்வொரு பொருளும் எடைபோட்டு வைக்கப்பட்டது. ராஜாவின் சொந்தக் கோவேறு கழுதை: வேறொருவன் அதில் ஏற முடியாது, ஆகவே ஏறினவன் ராஜாவின் ஆள் என்பது பார்த்த மாத்திரத்தில் விளங்கும். கூடாரத்திலிருந்து எடுத்த தைலக்கொம்பு: அதோனியாவின் விருந்தில் ஆடுமாடு உண்டு, தைலம் ஊற்றியதாக ஒரு வரியும் இல்லை. கிரேத்தியரும் பிலேத்தியரும்: பெனாயாவின் கீழ் இருந்த ராஜாவின் மெய்க்காவல் படை, கோத்திரப் படைகளைப்போல் யோவாபின் பின்னால் திரண்டு போகிறவர்கள் அல்ல. இடம் கீகோன், நகரத்தின் குடிநீர் ஊற்று, கூட்டத்துக்குக் குறைவில்லை. என்ரொகேல் அதே கெதரோன் பள்ளத்தாக்கில் சற்றுத் தெற்கே, ஒரு கிலோமீட்டர்கூட இல்லாத தூரத்தில் இருக்கிறது. எக்காளம் ஊதினால் கேட்கும். கேட்டது. சாப்பிட்டு முடித்த விருந்தாளிகள் பயந்து கலைந்தார்கள், அதோனியா அடைக்கலம் தேடிப் பலிபீடத்தின் கொம்புகளைப் பிடித்துக்கொண்டான். அவன் பிழை நேரத்தில் இல்லை, தகப்பன் உயிரோடு இருக்கையில் தகப்பன் வாயைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டதில்.

சாலொமோன் அவனை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டான், நிபந்தனையோடு. தாவீது இறந்தபின் அதோனியா பத்சேபாளிடம் வந்து, ராஜ்யம் என்னுடையதாயிருந்தது, போகட்டும், அபிஷாகை எனக்கு மனைவியாகத் தரச் சொல்லுங்கள் என்றான். கிழ ராஜாவுக்குச் சூடு உண்டாக மடியில் கிடந்த சூனேம் ஊர்ப் பெண். ராஜா அவளை அறியவில்லை என்கிறது வசனம். ஆகவே அவள் மறுமனையாட்டி அல்ல, வெறும் பணிவிடைக்காரி என்று அதோனியா வாதாட இடம் இருந்தது. சாலொமோன் அதைக் கேட்கவே இல்லை. அவனுக்கு ராஜ்யபாரத்தையே கேளுங்கள், அவன் என் தமையன் அல்லவா என்றான். அன்றே பெனாயாவின் வாள். பத்சேபாள் இந்த விண்ணப்பத்தை வெகுளியாகச் சுமந்துவந்தாள் என்று நம்புவது கடினம். முந்தின அதிகாரத்தில் அவள் பேசிய பேச்சைக் கேட்டபின் அவளுக்கு இதன் பொருள் தெரியாதிருக்குமா? அபியத்தார் ஆனதோத்துக்குத் துரத்தப்பட்டான், யோவாப் பலிபீடத்தருகே வெட்டப்பட்டான். எருசலேமை விட்டு வெளியேறினால் சாவு என்று, அப்சலோம் கலகத்தின்போது தாவீதைத் தூஷித்த சீமேயிக்குச் சொல்லியிருந்தது. மூன்று ஆண்டு கழித்து ஓடிப்போன அடிமைகளைத் தேடிக் காத்துக்குப் போய்வந்தான், முடிந்தது. ராஜ்யம் சாலொமோனின் கையில் உறுதிப்பட்டது என்று அந்த அதிகாரம் முடிகிறது.

அடுத்த தலைமுறையில் சாலொமோனின் மகன் ரெகொபெயாமுக்கு எருசலேமில் போட்டியே இல்லை. ஆனால் வடகோத்திரங்கள் தாமாகப் பட்டம் கட்ட வேண்டும் என்பதால் அவன் சீகேமுக்குப் போக வேண்டியிருந்தது. வேலைப்பளுவைக் குறை என்று கேட்டவர்களிடம் அவன், என் சுண்டுவிரல் என் தகப்பனின் இடுப்பைவிடப் பருமன் என்று பேசி, பத்துக் கோத்திரங்களை யெரொபெயாமிடம் இழந்தது கி.மு. 930 வாக்கில். தைலமும் வம்சமும் இருந்தும் ஆரவாரம் இல்லையென்றால் பட்டம் பாதிதான்.

ரெகொபெயாம் புத்தியாகச் செய்த ஒரு காரியம் அதிகம் பேசப்படுவதில்லை. அவனுக்கு மனைவியர் 18, மறுமனையாட்டிகள் 60, மகன்கள் 28. மாக்காளின் மகன் அபியாவை உயிரோடு இருக்கும்போதே தலைவனாக்கினான். மற்றவர்களை யூதா, பென்யமீன் நாட்டின் அரணான பட்டணங்களுக்குப் பிரித்து அனுப்பி, நிறையச் சாப்பாடும் ஏராளமாய்ப் பெண்களும் கொடுத்தான். தாவீது 28 பேரையும் ஒரே ஊரில் வைத்திருப்பான். ஏற்பாடு ஓரளவு ஓடியது. அவன் கொள்ளுப்பேரன் யோசபாத்தும் அதையே செய்தான்: மகன்களுக்குப் பொன்னும் வெள்ளியும் அரணான பட்டணங்களும், ராஜ்யம் மாத்திரம் யோராமுக்கு, 'அவன் மூத்தவன்' என்பதால். நீங்கள் கேட்ட விதி யூதாவின் ராஜாக்கள் வரலாற்றில் காரணமாக வெளிப்படையாய்ச் சொல்லப்படும் இடம் 2 நாளாகமம் 21இல் உள்ள அந்த வரிதான். அடுத்த வசனம்: யோராம் தன்னைப் பலப்படுத்திக்கொண்டதும் தன் ஆறு தம்பிகளையும் பட்டயத்தால் கொன்றான்.